திரும்பிப் பார்க்கும் கன்று

எங்கள் வீட்டுச் சுவர் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். தங்கம் கலந்த கல்லை இடித்து மாவாக்குகிற இரும்பு உலக்கைகள் மாரிகுப்பத்தில் இரவு பகல் பாராமல் விழுந்துகொண்டே இருந்தன. அந்த இடி மண்ணுக்குள் ஊர்ந்து வந்து, எங்கள் "லைன்" என்ற வரிசை வீடுகளின் மூங்கில் தட்டிகளில் ஏறி, தட்டியில் ஒட்டியிருந்த காகிதங்களை விடாமல் சலசலக்க வைக்கும். தரையில் படுத்துக் கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டால் அந்த நடுக்கம் பல்லில் தெரியும். காகிதத்தில் இருந்த நரி அப்போது ஒரு காலை எடுத்து வைப்பதுபோல இருக்கும், கொக்கு கழுத்தை அசைப்பதுபோல இருக்கும். படங்கள் என்றால் நடப்பவை என்றே நான் வெகுநாள் நம்பியிருந்தேன். பிற்பாடு வேலூரில் போர்டிங் பள்ளிக்குப் போய், காரைச் சுவரில் ஆடாமல் அசையாமல் தொங்கிய ஒரு படத்தைப் பார்த்தபோது, அது செத்துப்போன படம் என்று எண்ணி அழுதேன். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

நான் சொல்வது பிளேக் வருவதற்கு முந்தின காலம். ரயில் மாரிகுப்பம் வரைக்கும் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இன்று கடையும் தெருவுமாக நிற்கிற ராபர்ட்சன்பேட்டை அன்று வெறும் புதர்க்காடு. வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வீடென்றால் மூங்கில் தட்டியை வளைத்துக் கட்டியதுதான். மார்கழி மாதத்தில் தட்டியின் ஒவ்வொரு கண்ணிலும் காற்று நுழையும். அதை அடைப்பதற்காக, அகப்பட்ட காகிதத்தையெல்லாம் கேழ்வரகுக் கூழ் தடவி ஒட்டுவார்கள். சோப்பு விளம்பரம், தொப்பி வைத்த தொரைகள், கவிழ்ந்த கப்பல், குதிரைப் பந்தயம் என்று இங்கிலாந்து முழுவதும் எங்கள் லைன் சுவர்களில் தலைகீழாகவும் நேராகவும் ஒட்டிக்கிடந்தது. புளித்த கூழும் அச்சு மையும் சேர்ந்து கிளம்பிய வாடையை இன்றைக்கும் ஒரு பழைய புத்தகத்தைத் திறந்தால் தேடுகிறேன்; கிடைப்பதில்லை.

என் அம்மா ஒரு சுரங்கக் கேப்டன் பங்களாவில் ஆயாவாக இருந்தாள். ஒரு நாள் அங்கே கரையான் அரித்த பெரிய புத்தகம் ஒன்றைக் குப்பைக்குத் தள்ளினார்கள். அட்டையும் எழுத்தும் போய், நடுவில் இருந்த படத்தாள்கள் மட்டும் தப்பியிருந்தன. அம்மா அவற்றை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். "தொரசாணி குப்பையில போடச் சொன்னாங்க. குப்பையவிட நம்ம வூடு கொஞ்சம் ஒசத்திதானே" என்றாள். அவை எகிப்து தேசத்துப் பழைய கல்லறைகளின் சுவர்களிலும் ஏடுகளிலும் இருந்த சித்திரங்களைப் பார்த்து எழுதியவை என்பது எங்கள் வீட்டில் அப்போது ஒருவருக்கும் தெரியாது.

அவற்றைச் சுவரில் ஒட்டியவள் அம்மாவின் தங்கை சலோமி. எனக்குச் சின்னம்மா; முகத்துக்கு நேரே எல்லாருக்கும் சலோமியக்கா; முதுகுக்குப் பின்னால் நொண்டி சலோமி. இன்று எனக்கு இருக்கிற வயதுகூட அன்று அவளுக்கு இருந்திராது. மேலே கொண்டுவந்து கொட்டுகிற கல்லைப் பொறுக்கிப் பிரிக்கிற வேலையில் இருந்தபோது, தள்ளுவண்டி ஒன்று தண்டவாளத்தில் தானாக ஓடி வந்து அவள் பாதத்தின் மேல் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு வீடுதான். கல் பொறுக்கப் போகிற பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுப் போனார்கள். கூலியாகக் கொஞ்சம் கேழ்வரகு மாவு தந்தார்கள். லைனுக்கு ஒரு பக்கம் தள்ளுவண்டித் தண்டவாளம், மறு பக்கம் கல் இடிக்கிற மில்லிலிருந்து வடிந்த சேற்றுக் குட்டை, அதற்கப்பால் யாரோ எப்போதோ தோண்டி மூடாமல் விட்ட குழிகள். அவளுக்கு முன்னால் பிள்ளை பார்த்த கிழவி, பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டிக் கம்பத்தில் பிணைத்து வைப்பாள். சின்னம்மாவுக்கு அது ஆகாது. ஆனால் ஓடுகிற பிள்ளையைத் துரத்திப் பிடிக்க அவளுக்குக் காலும் இல்லை. பிள்ளைகளே ஓடாமல் உட்காரவேண்டும். அதனால்தான் அந்தத் தாள்களைத் தரையை ஒட்டி, தவழும் குழந்தையின் கண்ணுக்கு நேரே வரும்படி ஒட்டினாள். "இதான் என் கவுறு" என்று அம்மாவிடம் சொன்னாள்.

முதலில் எலி தொரசாணி. ஒரு தாளில், எலி ஒன்று நாற்காலியில் சாய்ந்து கையில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும். ஒரு பூனை பின்னால் நின்று அதற்குத் தலை வாரும். இன்னொரு பூனை எலிக்குட்டியைத் துணியில் கட்டிச் சுமந்து நிற்கும். "எலி தொரசாணிக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்ல. பால் வேணாம், ரொட்டி வேணாம், ஆயாவ மட்டும் திட்டணுமாம்" என்று சின்னம்மா தொடங்குவாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கொழந்தய தூக்கிகினு கீற பூன ஒங்கம்மாதான் பாப்பா, முழியப் பாரு" என்பாள். அடுப்பங்கரையிலிருந்து அம்மா, "அந்தப் பூனைக்குக் கறியாவது போடறாளான்னு கேட்டுச் சொல்லுடி" என்பாள். இன்னொரு தாளில் சிங்கமும் மானும் எதிரெதிரே உட்கார்ந்து காய் நகர்த்தி ஆடும். எங்களுக்கு அது சந்தேகமில்லாமல் ஆடுபுலி ஆட்டம், சிங்கம் கள்ளாட்டம் ஆடுகிறது என்பதிலும் சந்தேகமில்லை. சூரியனை உருட்டிப் போகிற வண்டு இருந்தது. அந்த வண்டை வீட்டுக்குப் பின்னால் சாணி உருட்டும்போது பார்த்தவர்கள் நாங்கள். "சூரியனுக்கும் ஷிப்டு கீது. காலையில மேல தள்ளி வுடறதுக்கு ஆள் வேணாமா" என்பாள் சின்னம்மா. அரிவாள் மூக்கன் பறவை ஒன்று மனிதக் கையில் எழுதுகோல் பிடித்து நின்றது. அது ஆள் வந்த நேரம் குறிக்கிற டைம் ஆபீஸ் குமாஸ்தா.

நரி மட்டும் கொஞ்சம் பயம். நரித் தலையும் ஆள் உடம்புமாக அது குனிந்து, கட்டிலில் நீட்டிப் படுத்திருக்கிற ஒருவரின் மார்பில் கை வைத்திருக்கும்.

"இது நரி மேஸ்திரி. மண்ணுக்குக் கீழ இவுருதான் எல்லாத்துக்கும் மேஸ்திரி. படுத்துகினு கீறவங்களுக்குத் துணி சுத்தி வுடறாரு. குளுரும் பாரு."

"கீழ குளுராது, வேக்காடு. எங்க நைனா சொல்லிச்சி" என்று ஒரு குரல் வெட்டும். அது அஞ்சலை. பக்கத்து வீட்டு முனுசாமியின் மகள்; ஐந்து வயதிருக்கும்; வாய் மூடாது. அவள் தகப்பன் கீழே பாறையில் துளை போடுகிறவன் ஆகையால் பாதாள விஷயங்களில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"அது வேல செய்யறவனுக்கு. படுத்திருக்கறவனுக்குக் குளுரும்" என்றாள் சின்னம்மா. அஞ்சலை யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டாள்.

நான் இப்போது பாலர் வகுப்புக்குப் பாடம் சொல்கிறவள். பழைய தேசங்களின் சித்திரங்களைச் சிறு பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்று கேட்கிறவர்களிடம் நான் அடித்துச் சொல்வேன்: ராஜாவின் பெயரில் தொடங்காதீர்கள், நரியில் தொடங்குங்கள், எலியில் தொடங்குங்கள். மற்றதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். ஒரு தாளில் ஓர் ஆள் பனைமரம் போலவும், அவன் காலடியில் வேலை செய்கிறவர்கள் முழங்கால் உயரமும் இருந்தார்கள். ஏன் அப்படி என்று எங்கள் லைன் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெரியவன் தொரை, சின்னவர்கள் கூலிகள். இதில் கேட்க என்ன இருக்கிறது?

எகிப்து என்ற பெயரை எங்களுக்குக் கொடுத்தவர் உபதேசியார். ஜெபத்துக்கு வந்தவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சுவரோரம் குனிந்து பார்த்தார்.

"சலோமி, இது எகிப்து தேசம். பார்வோனுடைய விக்கிரகங்கள். கிறிஸ்தவங்க வீட்டுச் சுவத்துல நரிச் சாமிய ஒட்டலாமா?"

"சாமியா ஐயா? தெரியாமப் போச்சே. புள்ளைங்க மேஸ்திரின்னு சொல்லிகினு கீதுங்க. சாமின்னா எங்க பயப்படுதுங்க, மேஸ்திரின்னாத்தான் எடத்த வுட்டு நவுராம ஒக்காருதுங்க."

உபதேசியார் சிரிப்பை அடக்க இருமினார். பிறகு வெகுநேரம் வாத்துக் கூட்டம் பறக்கிற தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காப்பி குடித்துப் போனார். தாள்கள் சுவரிலேயே இருந்தன.

அஞ்சலைக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எல்லாரும் ஏன் பக்கவாட்டில் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், எல்லாருக்கும் ஏன் ஒரே கண்?

"ஷிப்டுக்குப் போறாங்க. போறவங்க திரும்பிப் பாப்பாங்களா?" என்றாள் சின்னம்மா.

இந்தப் பதில் எங்களுக்குப் போதுமானதாக இருந்ததன் காரணத்தை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது தமிழ்நாடெங்கும் உள்ளதுதான். சுரங்க லைனில் அது விளையாட்டல்ல. சங்கு ஊதியதும் ஆண்கள் தூக்குப் பாத்திரத்தோடும் மெழுகுவத்தியோடும் வெளியே வந்து, ஒருவர் பின் ஒருவராகக் ஆட்களோடு கூண்டு இறங்குகிற குழியை நோக்கி நடப்பார்கள். அந்த நேரத்தில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சோறு மறந்து போனால் மறந்ததுதான். யாராவது குறுக்கு வழியாக ஓடி முன்னால் போய் நின்று கொடுப்பார்கள். குழந்தை வாயெடுத்தால் தாய் கையால் பொத்துவாள். அதனால் சுவரில் வரிசையாக, ஒரே பக்கம் முகத்தை வைத்து நடக்கிற அந்த எகிப்தியர் எங்களுக்கு அந்நியராகத் தோன்றவில்லை. காலை ஷிப்டு அப்படித்தான் போகும்.

முனுசாமி கீழே எரிந்து மீந்த மெழுகுவத்தித் துண்டுகளை அஞ்சலைக்குக் கொண்டுவருவான். அவள் அவற்றை உருக்கிக் கோழிக்குஞ்சு செய்வாள், அல்லது கோழிக்குஞ்சு என்று தான் சொல்கிற ஒன்றைச் செய்வாள். ஒரு நாள் காலை, அவள் தாய் குப்பம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்ததால் மகள் வாயைப் பொத்தக் கை ஒழியவில்லை. அஞ்சலை வாசலில் நின்று, வரிசையில் பாதி தூரம் போய்விட்ட தகப்பனைப் பார்த்து, "நைனா, மெழுவத்தி" என்று கூப்பிட்டுவிட்டாள். முனுசாமி திரும்பினான். எல்லாருடைய முகமும் பக்கவாட்டில் இருக்க, அவன் முகம் மட்டும் முழுதாக, இரண்டு கண்ணோடும் எங்களைப் பார்த்தது. சிரித்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

அன்று கீழே மேற்பாறை சரிந்து இறங்கியது. மாலையில் முனுசாமியைக் கோணி போர்த்திக் கொண்டுவந்தார்கள். அவன் வேட்டி முடிச்சில் மெழுகுவத்தித் துண்டு இருந்தது. அதை அவிழ்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். மில் நிற்கவில்லை. உலக்கைகள் விழுந்துகொண்டே இருந்தன, எங்கள் சுவர் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அதன் பின் லைனில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. யாரும் கெட்டவர்கள் அல்ல. எல்லார் வீட்டிலும் நாளைக்கு ஒருவன் கீழே இறங்கவேண்டியவன். பாறை ஏன் விழுந்தது என்று தெரியாமல் அவனை அனுப்ப அவர்களால் முடியவில்லை. காரணம் ஒன்று வேண்டியிருந்தது, அது ஐந்து வயதில் கையெட்டும் தூரத்தில் நின்றது. "ஒரு மெழுவத்திக்கு இஸ்துகினு வந்துட்டா பாரு நைனாவ" என்று குழாயடியில் சொன்னார்கள். காலையில் ஆண்கள் புறப்படுகிற நேரத்தில், "அந்தப் பொண்ண உள்ள தள்ளி கதவச் சாத்து" என்றார்கள். குப்பம்மாள் சாத்தினாள். அவள் அடித்தோ திட்டியோ நான் பார்த்ததில்லை. ஆனால் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். கல் பொறுக்கிவிட்டு வந்து எங்கள் வாசலுக்கு வெளியே நின்று, "ஏ, வா" என்பாள். முகம் வேறெங்கோ இருக்கும். பிள்ளை எழுந்து போகும்.

அஞ்சலை பேச்சை நிறுத்திவிட்டாள். சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். சின்னம்மா எலி தொரசாணிக்குக் காய்ச்சல் வரவழைத்தாள், சிங்கத்தை ஆட்டத்தில் தோற்கடித்தாள். மற்ற பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள், இவள் திரும்பவில்லை. சோறு வைத்தால் கொஞ்சம் தின்பாள். ஒரே ஒருமுறை தண்டவாளப் பக்கம் தானாக நடந்து போய்விட்டாள். சின்னம்மா கையும் காலுமாகத் தவழ்ந்து போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்று சின்னம்மாவின் முழங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. "கயித்துல கட்டிப் போடேன் அக்கா" என்று யாரோ சொன்னார்கள். சின்னம்மா அடுப்புக்குப் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒரு தாள் இருந்தது. புகை படிந்து கறுத்துப் போனதால் யாரும் அதற்குக் கதை கேட்டதில்லை. மறுநாள் சாயங்காலம் சின்னம்மா ஈரத்துணியால் அதை ஒற்றி ஒற்றித் துடைத்து, பிள்ளைகளை அடுப்பங்கரைப் பக்கம் நகர்த்தி உட்கார வைத்தாள். அது கல் பொறுக்கப் போனவர்கள் திரும்புகிற வேளை. கதையை அந்த வேளைக்கென்றே அவள் வைத்திருந்தாள் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது.

ஓர் ஆறு. கோடு கோடாகத் தண்ணீர், தண்ணீருக்குள் மாட்டுக் கால்கள் தெரிகின்றன. மாடுகள் வரிசையாகக் கடக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் மாட்டுக்காரன் ஒருவன் முதுகை வளைத்துக்கொண்டு, அந்த முதுகில் ஒரு கன்றைச் சுமந்து போகிறான். அவனும் மாடுகளும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். கன்று மட்டும் கழுத்தை முழுக்கத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. அதற்குப் பின்னால் ஒரு பசு, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, நாக்கு வெளியே தெரிய நிற்கிறது. நாங்கள் பார்த்த தாள்கள் அத்தனையிலும் திரும்பிப் பார்த்தது அந்தக் கன்று ஒன்றுதான்.

"தண்ணியப் பாத்தா மாடுங்க எறங்காது" என்று சின்னம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "அதுக்குத்தான் கன்னுக்குட்டியத் தூக்கி முதுவுல போட்டுகினு இவன் முன்னால எறங்கறான். கன்னு பின்னாலியே தாயி எறங்கும், அது பின்னால மத்ததும் எறங்கும்."

"அது ஏன் திரும்பிகினு கீது?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"அம்மா கூப்புடுது."

"பின்னாலருந்தா?"

இதைக் கேட்டது பிள்ளை அல்ல. வாசலில் குப்பம்மாள் நின்றிருந்தாள், தலையில் கல் தூசியோடு.

சின்னம்மா தலையைத் தூக்கவில்லை. "பின்னாலருந்துதான். கன்னு முன்னால போயிட்டுதே, பின்ன எங்கருந்து கூப்புடும்?"

"தண்ணிக்குள்ள கீழ அது இன்னா?"

"முதல."

"பாத்தியா" என்றாள் குப்பம்மாள். அவள் குரல் தேய்ந்திருந்தது. "கூப்ட்டதும் வந்து நின்னுகிச்சி."

"இல்ல குப்பு. அது அங்கியேதான் கீது. கன்னு பொறக்கறதுக்கு முன்னாலருந்து கீது. கூப்ட்டாலும் கீது, கூப்புடாட்டியும் கீது. பசு முதலைய கூப்புடல. கன்னத்தான் கூப்புடுது."

மில் இடித்துக்கொண்டிருந்தது. தாள் நடுங்கியதில் பசுவின் நாக்கு அசைந்தது. அதை நான் பார்த்தேன், குப்பம்மாளும் பார்த்திருப்பாள். அவள் உள்ளே வந்தாள். முனுசாமி போன பிறகு எங்கள் வாசலைத் தாண்டி அவள் வந்தது அதுதான் முதல். தாளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, முதலையின் முதுகில் மிச்சமிருந்த புகைக்கரியை விரலால் துடைத்தாள்.

"கரை ஏறிச்சா?"

சின்னம்மா பொய் சொல்லியிருக்கலாம். கதைதானே. எலிக்குக் காய்ச்சல் கொடுத்தவளுக்கு ஒரு மந்தையைக் கரை ஏற்றுவதா பெரிது?

"தெரியல குப்பு. படத்துல இன்னும் ஆத்துலதான் கீது."

குப்பம்மாள் விரலில் ஒட்டிய கரியை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, "அஞ்சல, எந்திரி. போலாம்" என்றாள். அஞ்சலை தாயின் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். தாய் மகளிடம் பேசினாள். மகள் சில வாரங்களில் பேசத் தொடங்கினாள், முன்போல் ஓயாமல் அல்ல. ஆனால் ஒருவரையும் அவள் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. உங்களிடம் ஒன்று சொல்லவேண்டுமானால் உங்களைச் சுற்றி ஓடி, முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்க உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வாள். வீட்டுக்குள் இரண்டடி தூரத்தில் இருக்கிற தாயிடமும் அப்படித்தான். லைன் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக்கிக் கிண்டல் செய்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. காலையில் சங்கு ஊதினால் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

சில வருஷங்கள் கழித்து எலிகள் சாகத் தொடங்கின. கூழ் தடவிய காகிதத்துக்குப் பின்னால் அவை வெகுகாலமாகக் குடியிருந்தன. இப்போது தட்டிக்கும் தாளுக்கும் நடுவிலிருந்து நாற்றம் வந்தது. பிள்ளைகள் எலி தொரசாணியைப் பார்க்க மறுத்தார்கள். சின்னம்மா அதன்மேல் ஒரு சோப்பு விளம்பரத்தை ஒட்டி மறைத்தாள். லைனில் ஒவ்வொரு வீடாக அக்குளில் கட்டியும் காய்ச்சலும் வந்தன. நோய் கண்டவர்களை ஊருக்கு வெளியே கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

சின்னம்மாவுக்கும் கட்டி கண்டது. அவளைப் பட்டப்பகலில் மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். அக்குள் கட்டியோடு சாய்ந்து படுக்க முடியாததால் வண்டியின் பின்பக்கம், எங்களைப் பார்த்த முகமாகவே உட்கார வைத்திருந்தார்கள். வண்டி நகர்ந்தது. அவள் கண்கள் எங்களுக்குள் யாரையோ தேடின. நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை வந்து பொத்தியது. லைனில் ஒருவரும் கூப்பிடவில்லை. அஞ்சலை எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். திடீரென்று ஓடினாள், வண்டியைத் தாண்டி ஓடினாள், போய் மாடுகளுக்கு முன்னால் நின்றாள். வண்டிக்காரன் அதட்டினான். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த சின்னம்மாவுக்கு, வண்டி ஏன் நின்றது என்று தெரிந்திருக்காது. வண்டிக்காரன் பிள்ளையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஓட்டிப் போனான். சின்னம்மா திரும்பி வரவில்லை. அடுத்த வாரம், நோய் பரவாதிருக்க எங்கள் லைனைக் கொளுத்தினார்கள். காகிதம் அல்லவா, சுவர்கள் முதலில் பற்றிக்கொண்டன.

நான் வேலூருக்குப் படிக்கப் போனேன், படித்துத் திரும்பினேன். ராபர்ட்சன்பேட்டையில் பாலர் வகுப்பு எடுக்கிறேன். பள்ளி அலமாரியில் இருந்த சரித்திரப் புத்தகம் ஒன்றில் அதே ஆற்றை, அதே கன்றை, மசி பரவிய சின்னப் படமாகக் கண்டேன். பிள்ளைகளுக்குக் காட்டினேன். அவர்கள் கன்றைப் பார்த்தார்கள், முதலையைக் கண்டுபிடித்தார்கள், கைதட்டினார்கள். படம் நடுங்கவில்லை. மாரிகுப்பத்தில் எங்கள் லைன் இருந்த இடத்தின்மேல் இப்போது மில் துப்பிய சாம்பல் நிற மண் மலையாக நிற்கிறது. மழையில் கரைந்து வெயிலில் வெடிக்கிற அந்த மேட்டுக்கு அடியில் எங்கள் அடுப்பு இருந்த இடம் எது, தாள் இருந்த இடம் எது என்று சொல்ல எனக்கு ஒரு அடையாளமும் இல்லை. புது லைன்களுக்குத் தகரச் சுவர். அதில் காகிதம் ஒட்ட வேண்டியதில்லை.

அந்த லைன் ஒன்றில்தான் அஞ்சலை இருக்கிறாள். கீழே இறங்குகிறவனுக்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மழலை பேசுகிற ஒரு பையன் இருக்கிறான். போன மாதம் விடுமுறையில் அவள் வீட்டில் ஓர் இரவு தங்கினேன். காலையில் சங்கு ஊதியது. அவள் கணவன் தூக்கை எடுத்துக்கொண்டு வரிசையில் சேர்ந்தான். நாங்கள் வாசலில் நின்றோம். வரிசை பாதி தூரம் போயிருக்கும், இடுப்பில் இருந்த பையன் கையை நீட்டி, "நைனா" என்று கூப்பிட்டான்.

குழாயடியில் தூக்கிய குடங்கள் அப்படியே நின்றன. "அடிப் பாவி, வாயப் பொத்துடி" என்று ஒருத்தி அடிக்குரலில் சொன்னாள். அஞ்சலையின் கை எழுந்தது, பிள்ளையின் வாய்வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு அந்தக் கை மெல்ல அவன் தலைமேல் இறங்கியது.

"கூப்புடட்டும்" என்றாள்.

பையன் மறுபடியும் கூப்பிட்டான். வரிசையில் ஒரு முகம் திரும்பியது, சிரித்தது, போயிற்று.

அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை. பிள்ளைக்குப் பழைய சோறு கொடுத்தாள். தான் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. வாசற்படியை விட்டு எழவும் இல்லை. நான் அன்றே ராபர்ட்சன்பேட்டைக்குத் திரும்பவேண்டியவள், போகவில்லை. வெயில் மண் மேட்டில் ஏறி இறங்கியது. ஒரே ஒருமுறை, முகத்தை மேட்டுப் பக்கம் வைத்துக்கொண்டே கேட்டாள்: "பெரிய படிப்பு படிச்சிட்டியேக்கா. அந்த மாடுங்க கரை ஏறிச்சான்னு எதுலயாவது எழுதியிருக்குதா?"

"இல்ல அஞ்சல. பாத்துட்டேன். இன்னும் ஆத்துலதான் கீது."

தலையை ஆட்டிக்கொண்டாள்.

மாலைச் சங்கு ஊதியபின் வெகுநேரம் கழித்துக் காலை ஷிப்டுக்காரர்கள் வந்தார்கள். தூசி படிந்து, எல்லாரும் ஒரே நிறமாக, ஒருவர் பின் ஒருவராக, மேட்டின் ஓரமாய் நடந்தார்கள். பக்கவாட்டில் பார்த்ததால் எந்த முகம் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அஞ்சலை பிள்ளையை என் மடியில் போட்டாள். எழுந்து, குழாயடியைச் சுற்றி, குறுக்கு வழியாக ஓடி, அந்த வரிசைக்கு முன்னால் போய் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.